ஒரு சொல்லுக்கு நாலு டேப்: அகராதி தேட வேறு வழி இல்லையா?

பாகூர் வாசகர், 6 அக்டோபர் 2024, காலை

தாத்தா காலத்துப் பத்திரங்கள் பதினொன்று கைக்கு வந்திருக்கின்றன. சில தமிழில், சில பிரெஞ்சில். படிக்க உட்கார்ந்தால் வரிக்கு ஒரு சொல் தடுக்கிறது: போக்கியம், செக்குபந்தி, கௌல், குழி. ஒவ்வொரு சொல்லுக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒரு டேப், வின்ஸ்லோ ஒரு டேப், பெப்ரீசியஸ் ஒரு டேப், விக்சனரி ஒரு டேப். நாலிலும் போய்க் கட்டத்தில் கிளிக், தட்டச்சு, என்டர். பத்துச் சொல் பார்த்ததும் கை ஓய்ந்துவிடுகிறது. அச்சு அகராதியே மேல் என்று நினைக்கிறேன். யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

கடலூர், 6 அக்டோபர் 2024, இரவு 9.40

மறுத்தே சொல்கிறேன் ஐயா. மஞ்சக்குப்பத்தில் பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. அப்பா பத்திர எழுத்தர். நீங்கள் தடுக்கி விழும் சொற்களில்தான் பத்தொன்பது வருடமாகச் சோறு.

நாலு டேப் வேண்டாம், கட்டத்தில் கிளிக் செய்யவும் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க்குக்குக் கீவேர்டு என்று ஒன்று வைக்கலாம். அகராதித் தளத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள். விடை வந்த பக்கத்தின் முகவரியை புக்மார்க் செய்யுங்கள். அந்த முகவரிக்குள் நீங்கள் தேடிய சொல் இருக்கும். அதை அழித்துவிட்டு, அதே இடத்தில் % குறியையும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எஸ் எழுத்தையும் போடுங்கள், நடுவில் இடைவெளி கூடாது. கீவேர்டு கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து கொடுங்கள். அவ்வளவுதான்.

இனி கன்ட்ரோல்+எல் அழுத்தினால் முகவரிப் பட்டைக்குப் போவீர்கள். கீவேர்டு எழுத்து, ஓர் இடைவெளி, தேட வேண்டிய சொல், என்டர். அகராதி நேராக விடையோடு திறக்கும். மவுஸைத் தொடவே வேண்டாம்.

7 அக்டோபர், காலை 6.15

நேற்று எழுதியதில் இரண்டு இடம் சரியில்லை.

ஒன்று, முகவரிப் பட்டையில் உள்ள நட்சத்திரத்தை அழுத்தி புக்மார்க் செய்யும்போது வரும் சின்னப் பெட்டியில் கீவேர்டு கட்டம் கிடையாது. முதலில் சேமித்துவிட வேண்டும். பிறகு அந்த புக்மார்க்கின் மேல் வலது கிளிக் செய்து திருத்தப் போனால் பெயர், முகவரி, குறிச்சொற்களுக்கு அடியில் கீவேர்டு இருக்கும்.

இரண்டு, "அந்த முகவரிக்குள் சொல் இருக்கும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். தமிழில் தேடினால் பல நேரம் அங்கே தமிழ் தெரியாது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக விரியும். போக்கியம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: ப, ஓகாரக் குறி, க, புள்ளி, க, இகரக் குறி, ய, ம, புள்ளி. ஒன்பது குறி. முகவரியில் 81 எழுத்தாக நீளும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது.

அதனால் முதல் தேடலில் தமிழே போடாதீர்கள். 12345 என்று தேடுங்கள். விடை வராது, வரவும் வேண்டாம். முகவரியில் 12345 பளிச்சென்று தெரியும். அந்த ஐந்து இலக்கங்களை எடுத்துவிட்டு % குறியையும் எஸ்ஸையும் வையுங்கள்.

9 அக்டோபர், இரவு

ஐயாவின் பதில்: செய்து பார்த்தேன், வேலை செய்கிறது, ஆனால் கீவேர்டை ஆங்கிலத்தில் அடித்துவிட்டுச் சொல்லுக்காகத் தமிழ் விசைப்பலகைக்கு மாற வேண்டியிருக்கிறது, அது கிளிக் செய்வதைவிடத் தொல்லை.

நியாயமான பேச்சு. இதே தொல்லையை நான் இரண்டு வருடம் பட்டிருக்கிறேன். கீவேர்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக அப்படி நினைத்துக்கொண்டேன். என் கணினியில் இப்போது லெக்சிகனுக்கு "ல", வின்ஸ்லோவுக்கு "வ", பெப்ரீசியஸுக்கு "ப", கதிரைவேற்பிள்ளை அகராதிக்கு "க", விக்சனரிக்குத் "த". எல்லாம் அகரமேறிய மெய், தமிழ்99 விசைப்பலகையில் எல்லாமே ஒரே விசை. "ல", இடைவெளி, "போக்கியம்", என்டர். விசைப்பலகை தமிழிலேயே இருக்கும்.

முதல் நான்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, 1984இன் இரண்டாம் பதிப்பு, அதுவும் அங்கே உண்டு. அதற்கு "ர" வைத்திருக்கிறேன். மொத்தம் 5,557 எண்ணிட்ட பதிவுகள். பத்திர வேலைக்கு அதிகம் தேவைப்படாது. ஞாயிறு மாலைகளில் அதைத் திறந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

13 அக்டோபர்

வில்லியனூரிலிருந்து ஒரு தம்பி, "அக்கா, எங்கள் ஆபீஸில் குரோம் மட்டும்தான்" என்கிறார்.

குரோமிலும் உண்டு தம்பி. அமைப்புகளுக்குள் தேடுபொறிகளை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது. அதில் தளத் தேடல் என்ற பகுதியில் "சேர்" அழுத்தினால் மூன்று கட்டம் வரும்: பெயர், சுருக்கு, முகவரி. முகவரியில் அதே % எஸ். ஒருமுறை தேடிய தளங்களைக் குரோம் தானாகவே குறித்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் இப்போதெல்லாம் அவை செயல்படாத பட்டியலில்தான் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே போய் நீங்கள் செயல்படுத்தினால்தான் சுருக்கு வேலை செய்யும். முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கைபேசி வேறு கதை. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க் கீவேர்டு எனக்கு ஓடவில்லை. அங்கே அமைப்புகளில் தேடல் பகுதிக்குப் போய் புதிய தேடுபொறியாக அகராதியைச் சேர்க்க வேண்டும், அதே % எஸ் முகவரியோடு. அப்புறம் தேடும்போது பட்டையின் ஓரத்தில் எந்தப் பொறி என்று தேர்ந்தெடுக்கலாம். கணினியில் உள்ள வேகம் வராது, ஆனாலும் பேருந்தில் போகும்போது போதும்.

20 அக்டோபர், ஞாயிறு

அச்சு அகராதியே மேல் என்ற ஐயாவின் பேச்சுக்கு நான் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கை வலிக்காமல் தேடுவது மட்டும் விஷயமென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

எட்டு வருடம் முன்பு ஒரு வழக்குக்காக 1950களின் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். நெல்லிக்குப்பம் பக்கத்து நன்செய் நிலம். போக்கியப் பத்திரம். எனக்குத் தெரியாத சொல்லா? இங்கே வீடு போக்கியத்துக்கு விடுகிறார்கள், ஒத்திக்கு விடுகிறார்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடிவைத்து, காலி செய்யும்போது தொகையைத் திருப்பிக் கொடுப்பது. அதை ஊரில் எல்லோரும் லீஸ் என்கிறார்கள். நானும் லீஸ் என்றே எழுதினேன். தலைப்பிலும் அதுதான், உள்ளேயும் ஏழெட்டு இடத்தில் அதுதான்.

தாக்கல் செய்வதற்கு முன்னால் வழக்கறிஞர் கண்ணில் பட்டது. பத்திரத்தில் நடந்தது குத்தகை இல்லை, கடன். நிலத்தை ஈடாகக் கொடுத்து, வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் விளைச்சலை அனுபவித்துக்கொள்கிறார். அசலைக் கட்டினால் நிலம் திரும்ப வரும். சொத்து மாற்றுச் சட்டம், 1882இல் இது அனுபவ அடமானம், 58ஆம் பிரிவு. குத்தகை 105ஆம் பிரிவு. நிலத்தை மீட்கும் உரிமை இருக்கிறதா என்பதுதான் வழக்கே. நான் எழுதிய ஒரு சொல் அந்த உரிமையையே இல்லாமல் ஆக்கியிருக்கும். நிலத்துக்காரப் பெரியவர் திரும்பக் கையெழுத்துப் போட இரண்டு முறை பேருந்தில் வந்து போனார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

அன்றைக்கு என் மேசையில் அகராதி இல்லாமல் இல்லை. அப்பாவின் கதிரைவேற்பிள்ளை அகராதி கை எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. தெரிந்த சொல்லுக்காக யார் எழுந்துபோய்க் கனமான புத்தகத்தைப் புரட்டுவார்கள்? தெரியாத சொல்லுக்கு எப்படியும் பார்ப்போம், அதில் தவறு வருவது குறைவு. தெரியும் என்று நினைத்த சொல்லில்தான் நான் விழுந்தேன். "ல", இடைவெளி, சொல், என்டர் என்று ஆன பிறகு தெரிந்த சொல்லையும் பார்க்கிறேன். இரண்டு நொடி வேலை என்பதால் பார்க்கிறேன். அரை நிமிடம் ஆகுமென்றால் இன்றைக்கும் பார்க்க மாட்டேன். இதை வெட்கமில்லாமல் சொல்வேன். ஏனென்றால் என்னைப்போலத்தான் பெரும்பாலோர் இருப்பார்கள்.

20 அக்டோபர், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். 58ஆம் பிரிவு எல்லா வகை அடமானங்களுக்கும் பொது. அனுபவ அடமானம் அதன் நான்காம் உட்பிரிவு. யாராவது என் குறிப்பைப் பார்த்து எழுதினால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

27 அக்டோபர்

ஐயா கேட்டிருக்கிறார்: லெக்சிகனிலும் வின்ஸ்லோவிலும் ஒரே பொருள் வந்துவிட்டால் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

எப்போதும் இல்லை. நானும் வெகுநாள் இரண்டு சாட்சி கிடைத்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தேன். லெக்சிகனில் பொருளுக்குப் பின்னால் சுருக்கெழுத்து ஒன்று நிற்கும். எந்த நூலில், எந்த ஊரில் வழக்கு என்று அது சொல்லும். அங்கே ஆங்கில டபிள்யூ மட்டும் நின்றால் அந்தப் பொருளை வின்ஸ்லோவிடமிருந்து எடுத்தார்கள் என்று அர்த்தம். வின்ஸ்லோ அகராதி 1862இல் சென்னையில் வந்தது. லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, பிறகு 1939இல் அனுபந்தம். பின்னது முன்னதைப் பார்த்து எழுதியிருக்கும்போது இரண்டும் ஒரே சாட்சிதான். அப்படி வந்தால் நான் "ப" போட்டு பெப்ரீசியஸையும் பார்க்கிறேன். அதன் முதல் பதிப்பு 1779, வேப்பேரி. சிகாகோ தளத்தில் இருப்பது 1972இன் தரங்கம்பாடிப் பதிப்பு.

இன்னொன்று. அந்தத் தளத்தில் தலைச்சொல்லில் மட்டும் தேடலாம், பதிவு முழுவதிலும் தேடலாம். எதைத் தேர்ந்தெடுத்துத் தேடினீர்களோ அது முகவரியிலேயே ஏறிவிடும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி புக்மார்க் போடுங்கள். தலைச்சொல்லுக்கு "ல", முழுப் பதிவுக்கு "லா" என்று வைத்திருக்கிறேன். "லா" போட்டு அடமானம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் ஒத்தி, ஈடு, போக்கியம் என்று ஒரு குடும்பமே வந்து நிற்கும். லெக்சிகனை ஆங்கிலம்-தமிழ் அகராதியாகத் திருப்பிப் பிடிப்பது மாதிரி. இதை அச்சுப் புத்தகத்தில் செய்யவே முடியாது ஐயா. ஆறு தொகுதியில் 1,04,405 சொல். எந்தப் பக்கத்தில் என்று தேடுவீர்கள்?

28 அக்டோபர்

விட்டுப்போனது: வினைச்சொல்லை பத்திரத்தில் இருக்கிறபடி போட்டால் வராது. "ஒப்புவித்தேன்" என்று தேடாதீர்கள், "ஒப்புவி" என்று தேடுங்கள். "நிலத்தை" வேண்டாம், "நிலம்". பக்கத்துக்குள் கன்ட்ரோல்+எஃப் போடும்போது இதற்கு நேர் எதிர். அங்கே "நிலம்" என்று தேடினால் நிலத்தை, நிலத்தில், நிலமும் எல்லாம் தப்பிவிடும். "நில" என்று குறைத்துப் போடுங்கள். நில், நிலை என்று வேண்டாதவையும் சில சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

29 அக்டோபர்

"நில்" வரும் என்று நேற்று எழுதியது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. "நில" என்ற இரண்டு எழுத்தை அடுத்துப் புள்ளி இருப்பதால் வருமோ என்று குழம்பி நேற்று எழுதினேன். இன்று சோதித்தேன். சில மென்பொருளில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை. நிலை விஷயமும் அப்படித்தான். தேடும் நிரல் குறிகளைத் தனித்தனியாக எண்ணுகிறதா, எழுத்தாகச் சேர்த்து எண்ணுகிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் பிரவுசரில் ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

3 நவம்பர்

கௌல். ஐயா இந்தச் சொல் எந்த அகராதியிலும் இல்லை என்கிறார். இருக்கிறது ஐயா. அரபியிலிருந்து வந்த வருவாய்த்துறைச் சொல். வாக்குறுதி, உடன்படிக்கை, குத்தகை ஒப்பந்தம் என்றெல்லாம் பொருள். லெக்சிகனில் "கவுல்" என்று பாருங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பிய பக்க முகவரியைப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நீங்கள் தேடியது கௌல் இல்லை, கெளல். ககரத்துக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரம் அடித்திருக்கிறீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஔகாரக் குறியின் வால் ளகரம் போலவே இருப்பதால் வருகிற சிக்கல். கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று இணையம் முழுக்க இந்தப் பிழை கிடக்கிறது. பிழையாக அடித்த பக்கத்தைச் சரியாக அடித்துத் தேடினால் கிடைக்காது. அதனால் ஔகாரச் சொல் எதுவானாலும் நான் மூன்று முறை தேடுகிறேன்: கௌ, கெள, கவு. தமிழ்99இல் ஔவுக்குத் தனி விசை உண்டு, அதைப் பயன்படுத்தினால் நம் பக்கமாவது சுத்தமாக இருக்கும்.

ஸ்ரீயிலும் இதே கதை. ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம், திரையில் ஒரே உருவம். ஶகரம் யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் எழுதியவையெல்லாம் ஸகரம். கோயில் நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

4 நவம்பர்

செக்குபந்தி பற்றி யாருமே கேட்கவில்லையே என்று பார்க்கிறேன். நிலத்தின் நான்கு எல்லை என்று பொருள். பத்திரத்துக்குப் பத்திரம் எழுத்து மாறும்: சக்குபந்தி, செக்குபந்தி, ஜக்குபந்தி. ஒன்றில் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்து, அந்த எழுத்தில் தொடங்குபவை எல்லாம் வேண்டும் என்று தேடுங்கள்.

10 நவம்பர்

புதுச்சேரியில் இருக்கிற அக்கா ஒருவர் ஐயாவின் பிரெஞ்சுப் பத்திரங்களைப் பார்க்க முன்வந்திருக்கிறார். ஒரு சொல்லில் நின்றுவிட்டதாக எழுதினார்: அந்திக்ரேஸ்.

பிரெஞ்சுக்கு நான் வைத்திருக்கும் சுருக்கு ஒன்றே ஒன்று. நான்சி நகரில் இருக்கிற மொழி வள மையத்தின் தளம். அதில் பிரெஞ்சு மொழிக் கருவூலம் முழுதும் கிடைக்கிறது. 1971 முதல் 1994 வரை பதினாறு தொகுதியாக வந்த அகராதி. முகவரியின் கடைசியில் சொல்லையே எழுதினால் போதும் என்பதால் புக்மார்க் போடுவது மிக எளிது. இதற்கு மட்டும் ஆங்கில எழுத்தில் கீவேர்டு, எப்படியும் சொல்லை அந்த விசைப்பலகையில்தானே அடிக்கிறோம்.

பார்த்தேன். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கடன் கொடுத்தவர் கடனாளியின் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் விளைச்சலை வட்டியிலும் அசலிலும் கழித்துக்கொள்ளும் ஒப்பந்தம். நம் போக்கியம்! எட்டு வருடம் முன்பு நான் லீஸ் என்று எழுதிய அதே ஏற்பாடு. புதுச்சேரியில் நொத்தேர், அதாவது பிரெஞ்சு முறையில் பத்திரம் எழுதி உறுதிசெய்பவர், ஒருவர் முன்னால் பிரெஞ்சில் பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிரான்சிலேயே 2009இல் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அசையாச் சொத்து ஈடு என்ற பொருளில் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே இப்போதைய சட்டப் பக்கங்களில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பழைய சொல்லுக்குப் பழைய சொற்களை வைத்திருக்கும் அகராதிதான் வேண்டும்.

அக்கா இன்னொரு பத்திரத்தையும் பாருங்கள், "ரெமெரே" என்ற சொல் இருந்தால் அது வேறு. அது கிரயம். விற்றவர் குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு விற்பது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில் 1659ஆம் பிரிவு. போக்கியத்தோடு சேர்த்துவிடாதீர்கள்.

17 நவம்பர்

வில்லியனூர்த் தம்பி கேட்டது: பக்கத்தில் இருக்கிற சொல்லை மறுபடி தட்டச்சு செய்யாமல் தேட முடியாதா?

முடியும். புக்மார்க்கின் முகவரி இடத்தில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி வைக்கலாம். அது என்ன செய்யும் என்றால், நீங்கள் மவுஸால் தேர்ந்தெடுத்த சொல்லை எடுத்து, அகராதி முகவரியின் ஓரத்தில் ஒட்டி, புதிய டேபில் திறக்கும். சொல்லின் மேல் இரண்டு கிளிக், புக்மார்க்கில் ஒரு கிளிக். ஆனால் எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தேர்ந்தெடுத்த சொல் உருபோடு வரும், "போக்கியத்துக்கு" என்று. அகராதி அதை அறியாது. சில தளங்கள் பாதுகாப்புக்காக இத்தகைய வரிகளை ஓடவிடுவதில்லை. பிடிஎஃப் திறந்திருக்கும் பக்கத்திலும் எனக்கு ஓடவில்லை. பத்திரம் எல்லாம் பிடிஎஃப்தானே. கையால் அடிப்பதில் இன்னொரு நன்மை உண்டு: அடிக்கும்போதுதான் எழுத்தைச் சரியாகப் பார்க்கிறோம். றகரமா ரகரமா என்பது அப்போது தெரியும்.

8 டிசம்பர்

மூன்று வாரமாக எழுதவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. மழை நின்றதும் தீர்ந்தது என்று நினைத்தோம். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, இணையம் ஐந்து நாள் இல்லை. பாகூர் ஐயா, பத்திரங்கள் பத்திரமா? அதை முதலில் சொல்லுங்கள்.

அந்த ஐந்து நாளில் என் சுருக்கு எதுவும் உதவவில்லை. 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வந்தது. தானே புயல் அடித்தபோது அப்பாவின் அகராதி அலமாரியோடு நனைந்தது. பக்கம் பக்கமாக விசிறியில்லாமல் காயவைத்தோம், "க" பகுதி முழுதும் ஒட்டிக்கொண்டது. புத்தகமும் புயலுக்குத் தப்பாது, இணையமும் தப்பாது. இரண்டும் வைத்திருப்பதுதான் வழி.

கைபேசியில் கிவிக்ஸ் என்ற செயலியை முன்பே இறக்கி வைத்திருந்தேன். விக்சனரி முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி இணையம் இல்லாமல் தேடலாம். தமிழ் விக்சனரியில் மூன்று லட்சத்துக்கும் மேல் சொற்கள் இருக்கின்றன. பல பதிவுகள் ஒரு வரிதான், பத்திரச் சொல்லுக்குப் போதாது. ஆனாலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு கிரயப் பத்திரத்தை முடித்தேன். சந்தேகச் சொற்களைப் பட்டியலிட்டு வைத்து, இணையம் வந்ததும் "ல" போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இருபத்து மூன்றில் நான்கை மாற்ற வேண்டியிருந்தது.

9 டிசம்பர்

ஐயா பதில் போட்டிருக்கிறார். பத்திரங்கள் பரண்மேல் இரும்புப் பெட்டியில் இருந்ததாம். நிம்மதி.

15 டிசம்பர்

குழி. ஐயாவின் ஏழாவது பத்திரம்: "காணி இரண்டு, குழி முப்பது". சதுர அடியில் எவ்வளவு?

காணியில் சண்டை இல்லை. 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். குழியில்தான் எல்லாம். 12 அடிக்கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி, 400 குழி ஒரு காணி. 24 அடிக்கோலால் அளந்தால் ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. முப்பது குழி முதல் கணக்கில் 4,320 சதுர அடி, இரண்டாவதில் 17,280. வித்தியாசம் 12,960 சதுர அடி, ஏறக்குறைய 30 சென்ட். பாகூரில் இன்றைக்கு 30 சென்ட் என்றால் சும்மாவா?

எத்தனை அகராதியை எத்தனை வேகமாகத் திறந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. அகராதி குழி என்றால் என்னென்ன அளவு உண்டு என்று சொல்லும், இந்த நிலத்தை எந்தக் கோலால் அளந்தார்கள் என்று சொல்லாது. நான் ஐயாவிடம் மற்றப் பத்திரங்களின் படத்தையும் கேட்டேன். நான்காவதில், அதே நிலத்தின் பக்கத்து மனை, "காணி 1க்குக் குழி 100" என்று எழுத்தர் விளக்கமாகவே எழுதியிருக்கிறார். ஆக 576. மொத்தம் 1,32,480 சதுர அடி. அந்த எழுத்தரின் கைக்கு மோதிரம் போடலாம்.

22 டிசம்பர்

தம்பி கேட்டதற்குச் சுருக்கமாக: முன்பு பார்த்த சொல்லை மறுபடி கண்டுபிடிக்க ஃபயர்ஃபாக்ஸ் பட்டையில் ^ குறி போட்டு, இடைவெளி விட்டு, சொல்லை அடியுங்கள், பார்த்த பக்கங்களில் மட்டும் தேடும். * போட்டால் புக்மார்க்குகளில் மட்டும். % போட்டால் திறந்திருக்கும் டேப்களில். குரோமில் @ குறி அடித்தால் அதே போலப் பட்டியல் காட்டும்.

அந்த ^ குறியால் எனக்கு இந்த வாரம் ஒரு வேலை வந்து சேர்ந்தது. மூன்று வருடமாக நான் எந்தெந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன் என்று உருட்டிக்கொண்டே போனேன். "சுவாதீனம்" அதில் ஒருமுறைகூட இல்லை. வாரத்துக்கு நாலு பத்திரத்தில் வருகிற சொல். உடைமை என்ற பொருளில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். "ல" போட்டுப் பார்த்தேன். நான் எழுதுவது பெரும்பாலும் சரிதான். ஆனால் தன் வசத்தில் இருப்பதற்கும் உரிமையாளராக இருப்பதற்கும் நடுவில் சில இடத்தில் நான் கோட்டை அழித்திருக்கிறேன் என்று படுகிறது. 2022 முதல் செய்த நகல்களை எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை பதினாறு பார்த்தாயிற்று, இரண்டில் திருத்தம் தேவை. இருவருக்கும் போன் செய்துவிட்டேன்.

29 டிசம்பர்

ஐயாவின் பதினோராவது பத்திரத்தில் ஒரே ஒரு சொல் மிச்சம். மூன்றாவது வரியில், முத்திரைக்கு அடியில். படத்தில் "வாரம்" போலவும் இருக்கிறது, "வரம்" போலவும் இருக்கிறது. "பாரம்" என்றும் சொல்ல இடமுண்டு. மூன்றையும் "ல"விலும் "வ"விலும் பார்த்தேன். மூன்றுக்கும் அந்த வாக்கியத்தில் பொருள் பொருந்துகிறது. மை ஊறியிருக்கிற இடம் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். வருகிற ஞாயிறு காலை பேருந்தில் பாகூர் வருகிறேன் ஐயா. அதுவரை அந்தப் பத்திரத்தை வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளுத்துவிடும்.